மூன்றாவது வரி

சவாயித் தீவில் இன்று வெள்ளை ஞாயிறு.
பிள்ளைகளின் நாள்.
விடியுமுன்னே இஸ்திரிப்பெட்டி சூடேறிவிட்டது.
ஃபெரேத்தியின் சட்டைக் காலரை
மூன்று முறை தேய்த்தேன்.
கடவுள் காலரைப் பார்ப்பவர் அல்ல.
பெலெனிசே பார்ப்பாள்.

ஆறு வாரமாய் வசனம் சொல்லிக்கொடுத்தேன்,
சேப்பங்கிழங்கு சுரண்டும்போது,
பேருந்துக்குக் காத்திருக்கும்போது.
பல் துலக்கும் நுரையோடு நின்றவனைக்கூட விடவில்லை.
நான்கே வரி.
தன் நெஞ்சைத் துழாவிப் பார்க்கும்படி
ஒருவன் கடவுளிடம் கேட்கிற வரிகள்.
ஏழு வயதுக்கு இது கனம் என்றது மனசு.
சின்ன வசனம் கொடுத்தால்
மக்குப் பிள்ளை என்பார்களே
என்றதும் அதே மனசுதான்.

ஆலயம் முழுக்க வெள்ளை.
தொப்பிகள், பனையோலை விசிறிகள்.
பெலெனிசேயின் மகன் இயாகோபோ
பதினொரு வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்
குனிந்து வணங்கினான்.
அடுத்து என் பிள்ளை.
முதல் வரி மணிபோல.
இரண்டாவது கொஞ்சம் நடுங்கி.
மூன்றாவதில் நின்றுவிட்டான்.
கூரையைப் பார்த்தான். பல்லியைப் பார்த்தான்.
தன் புது ஷூவைப் பார்த்தான்.
அப்புறம் என்னைப் பார்த்தான்.

என் முகத்தில் என்ன கண்டானோ,
சொன்ன இரண்டு வரியும் மறந்துபோயின.

போதகர் சிரித்துத் தலையைத் தடவி அனுப்பினார்.
சபை கைதட்டியது.
நான் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
அழைத்துப்போய்க் கிள்ளினேன்.
தோளுக்குக் கீழே, சட்டை மறைக்கிற இடத்தில்.
இடம் பார்த்துக் கிள்ளினேன்.
அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.
கோபத்துக்கு எங்கிருந்து வந்தது
அவ்வளவு நிதானம்?

இந்த ஒரு நாள் மட்டும்
பெரியவர்கள் பரிமாறப் பிள்ளைகள் முதலில் உண்பார்கள்.
கோழி, தேங்காய்ப்பாலில் ஊறிய ரொட்டி, ஐஸ்கிரீம்.
கிள்ளிய கையாலேயே அவன் தட்டை நிரப்பினேன்.
"போதும்மா" என்றான்,
வேற்றார் வீட்டில் சாப்பிடுகிறவன் மாதிரி
அவ்வளவு மரியாதையாக.

சாயங்காலம்
சினாலேய், என் நான்கு வயதுக்காரி,
வாசலில் ரப்பர் செருப்புகளை அடுக்கிச்
சபை கூட்டியிருந்தாள்.
அப்பாவின் பெரிய செருப்பு போதகர்.
வார் அறுந்த நீலச் செருப்பு ஒன்று
வசனம் சொல்ல முன்னே வந்தது.
வரவில்லை போலும்.
அதைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள்.
அடிக்கவில்லை.
முதலில் சுற்றிலும் பார்த்தாள்.
பிறகு செருப்பைத் திருப்பி
அடிப்பக்கத்தில் கிள்ளினாள்.

மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதினார்கள்.
நான் எழுந்திருக்கவில்லை.

ஆக்லாந்தில் இறைச்சி ஆலையில்
இரவு ஷிஃப்டில் நிற்கும் இவருக்கு
வீடியோ அனுப்பவேண்டும். ஓடவிட்டேன்.
பிள்ளையின் குரல் எங்கோ தூரத்தில்.
போனுக்குப் பக்கத்தில், கெட்டில் கொதிக்கிற மாதிரி
யாரோ சீறுகிறார்கள்:
சொல்லு. சொல்லு. சொல்லு.
உதட்டை மட்டும் அசைத்ததாக
நினைத்திருந்தேன் நான்.

ராத்திரி குழாயடியில் அவன் சட்டையை அலசினேன்.
ஐஸ்கிரீம் கறை சுலபமாய்ப் போய்விட்டது.
ஜெபிக்க வாய் திறந்தால்
பிள்ளைக்கு ஞாபகசக்தி தாரும் என்று
பழைய மனுவே வருகிறது.
நிறுத்திவிட்டு
அவன் வசனத்தை நானே சொல்லிப் பார்த்தேன்.
முதல் வரி.
இரண்டாவது வரி.
மூன்றாவது எனக்கும் வரவில்லை.
ஆறு வாரம் நான் சொல்லிக்கொடுத்த வரி.
ஈரச் சட்டை கையில் சொட்டச் சொட்ட
அப்படியே நின்றிருந்தேன்.
யாரும் கிள்ளவில்லை.

திங்கள் விடுமுறை.
பந்தைத் தேடிக் கட்டிலுக்கடியில் நுழைந்திருந்தான்.
கால் இரண்டும் மட்டும் வெளியே.
அந்தக் கால்களிடம்தான் சொல்ல முடிந்தது:
நேற்று அம்மா செய்தது தப்பு.
வசனத்துக்காக இல்லை கண்ணு,
பெலெனிசேக்காகக் கிள்ளினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"சரி" என்றது கட்டிலடி.
அப்புறம்,
"பந்துல காத்து இல்ல. அடிச்சுத் தர்றியா?"