நீரளவு

காலை எட்டு. அளவுகோலில்
நூற்றுப்பன்னிரண்டு.
நோட்டில் குறித்துவிட்டு
கேபிள் கூடையில் ஏறுகிறாள் சாய்ராகுல்.
பிஷ்கெக் அலுவலகத்தில்
மூன்று தொலைபேசிகள்
அவள் பெயரை மென்று துப்பிக்கொண்டிருந்தன.
இங்கே கப்பி மட்டும் கிறீச்சிடுகிறது.

கொகொமெரென் ஆற்றின் நடுவே நிறுத்தி
சுழலியை இறக்குகிறாள்.
கயிறு வழியே ஏறிவரும் அதிர்வு
மணிக்கட்டில், முழங்கையில்,
அப்புறம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன.
பசித்தது.
எத்தனை மாதமாயிற்று
பசி என்று ஒன்று வந்து!

ரொட்டியைப் பிய்த்து மென்றதில்
அறுபது வரை எண்ணிய சுற்றுகள்
தவறிப்போயின.
திட்ட ஆளில்லை.
வாய் நிறைய ரொட்டியோடு
மறுபடி ஒன்று, இரண்டு.

கரை திரும்பியபோது
நூற்றுப்பதிமூன்று.
மேலே எங்கோ
பனி விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.