ஆள் இல்லை

பிளாக்பள்ளியில் அந்த வருஷம்
அம்மை குத்தும் வேலை எனக்கு.
தோள்பையில் அம்மைப்பால் குப்பிகள், கத்தி, சாராய விளக்கு.
கையில் ஆபீஸ் கொடுத்த பட்டியல்:
தையில் பிறந்தவை.
பெயர் இருக்காது. ஆண், அல்லது பெண்.
தகப்பன் பேர், வீட்டு எண்.
ஆறு மாதம் ஆனதும் நான் போய் நிற்பேன்.

என்னைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தும்.
வெறும் பானைக்குள் பிள்ளையை உட்காரவைத்து
மேலே முறத்தால் மூடியவளைப் பார்த்திருக்கிறேன்.
விறகுக்குப் பின்னால், சாக்குக்கு அடியில்,
ஒருமுறை வாசலில் கட்டிய ஆட்டுக்கு அந்தப் பக்கம்.
ஆகவே பதினேழாம் எண் லைன்வீட்டில்
பூங்காவனம் "இல்லைங்க" என்றபோது
எல்லோரும் சொல்வதுதானே என்று குனிந்து நுழைந்தேன்.
"ரெண்டு ரூபா அபராதம், தெரியுமில்ல?"

உள்ளே பகல் இல்லை.
முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய அறைகள்;
இவள் பின்சுவர்தான் அடுத்தவன் பின்சுவர்.
தீக்குச்சி கிழித்தேன்.
அடுப்பு. சுருட்டிய பாய். கயிற்றில் காயாத சேலை.
மண்தரையில் நாலு பேர் படுத்த தடம்.
தேடினேன்.
ஒரு எலியை ஒளிக்கவும் அங்கே இடமில்லை.
குச்சி விரல்வரை எரிந்தது,
சுடர் ஒரு தடவைகூட அசையவில்லை.

"வைகாசியில போயிட்டுது. இருமிக்கிட்டே இருந்தது" என்றாள்.
"பொண்ணு.
நீங்க தேடறது போன வருஷத்துதுன்னா
அது பையன்."

கைநாட்டு வாங்க ஏகாம்பரத்தைத் தேடி
ரெஜிமெண்ட் லாயத்துக்குப் போனேன்.
குதிரைக்கு ஒரு ஜன்னல்,
எதிர்ச்சுவரில் இன்னொன்று,
கூரைமுகட்டில் நீளமாக ஒரு திறப்பு.
துரைமார் நாடா பிடித்து அளந்து வைத்ததாம்.
அவன் ஒரு செவலையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நான் கேட்டபோதும் கை நிற்கவில்லை.
"போன மழைக்கு இங்க ஒரு குதிரை செத்துது, சாமி.
மூணு நாள் விசாரணை.
என்னைக்கூடக் கூப்பிட்டுக் கேட்டாங்க,
ராத்திரி எப்படி மூச்சு விட்டுதுன்னு."

காற்று பட்டியலைப் பிடுங்கப் பார்த்தது.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பத்தொன்பதிலும் இல்லை. இருபத்தொன்றில்
கதவு திறந்தே கிடந்தது; நான் உள்ளே போகவில்லை.
"ஆள் இல்லை" என்று நின்றபடியே எழுதினேன்.

சாயங்காலம் குப்பிகளை எண்ணிக் கொடுத்தேன்.
திறக்காதவை ஒன்பது.
மருந்தை நன்றாக மிச்சம் பிடிக்கிறேன் என்று
குமாஸ்தா சந்தோஷப்பட்டார்.