மூன்றாம் தரம்

நேற்றும் தோற்றோம், மூன்றுக்குப் பூஜ்யம்.
கோச்சை அனுப்பிவிட்டார்களாம்.
ராயக்கோட்டை மண்டியில் விடிகாலை மூன்றரை;
பெட்டிகள் இறங்கும் இடைவெளியில்
செல்போனைப் பார்த்துத் திம்மராயன் ஏலம் விட்டான்:

ஸ்பெயின்காரர், பெரிய கிளப், வெள்ளைத் தாடி,
ஒரு தரம்.
செர்பியாக்காரர், மூணு நாட்டில் வேலை போனவர்,
கோபம் உத்தரவாதம்,
ரெண்டு தரம்.
துண்டுக்கடியில் யாரோ விரல் பிடித்துச் சிரித்தார்கள்.
“நம்ம ஆளு ஒருத்தருமில்லயா?”
“இருக்காரு. சம்பளம் கம்மியாக் கேக்கறாராம்,
அதான் சந்தேகப்படறாங்க.”

“முனிரத்னா அக்காவக் கேளு, ஆடினவங்க.”

சிட்டையிலிருந்து தலை தூக்கவில்லை நான்.
இடது விங், மாவட்ட அணி.
ஒரே வருஷத்தில் நான்கு பயிற்சியாளர்கள்;
நான்கு பேரும் முதல் நாள் கேட்டது
ஷூ எங்கே என்றுதான்.
ஐந்தாவது ஆள் வரவில்லை.
வந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று
சில இரவு யோசித்ததுண்டு.

லாரி ஹாரன். மூன்றாம் தரம் சொல்லாமலே
திம்மராயன் பெட்டிக்குக் குனிந்தான்.

பள்ளி மைதானத்தில் இப்போது ஒற்றைக் கோல்கம்பம்.
அதன் ஜோடி சவுடப்பன் தோட்டத்தில்
தக்காளிக் கொடியைத் தாங்கி நிற்கிறது.
நல்ல காய்ப்பு.
அதைக் குறை சொல்ல முடியாது.