ஒரு ‘க்’

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோவை விட்டிறங்கி
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாகத் தொற்றி
ஒன்பதரைக்குள் விரல் வைக்க வேண்டும்.
வருகை எந்திரத்தில் என் பெயருக்கு முன்னால்
‘தற்காலிகம்’ என்று ஒளிரும்.

வேலை இரண்டு.
முற்பகல், உளவியல் துறையில் ஆய்வு உதவியாளர்.
பிற்பகல், மாணவர் ஆலோசனை மையம்.
சம்பளம் ஒன்று,
அதுவும் நிதி வந்த மாதங்களில்.

மையம் என்பது
வேதியியல்காரர்கள் சாமான் போட்டுவைத்த அறை.
மழை நாளில் சுவர் இன்னும் கந்தகம் கக்கும்.
இரண்டு நாற்காலி, ஒரு மேசை,
என் காசில் வாங்கிய டிஷ்யூ பெட்டி.
கதவில் யாரோ சாவியால் கீறியது:
மென்டல் ரூம்.
பெயிண்ட் கேட்டு எழுதிய கடிதத்துக்கு
கோப்பில் ஏழு மாதம்.

‘கடந்த இரு வாரங்களில்
எத்தனை நாட்கள் மனச்சோர்வுக்கு ஆட்பட்டீர்கள்?’
நாற்பத்தேழாம் எண் தலையைச் சொறிகிறான்.
“பேஜாரா இருக்குதுன்றது
இதுல எங்க மேடம் வரும்?”

வராது.
சரிபார்த்த அளவுகோல்,
ஒரு சொல்லை மாற்றினாலும் செல்லாது என்பார்
பேராசிரியர் பாக்யவதி.
அவர் சொல்வது சரிதான்.
நான் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால்
முப்பத்தொரு தாளின் ஓரங்களில் பேஜார்.
கணினியில் அதை ஏற்றக் கட்டமில்லை.

பிற்பகலில் நாற்பத்தேழுக்குப் பெயர் உண்டு.
தேசப்பன். இரண்டாம் ஆண்டு பி.காம்.
காசிமேட்டு ஏலத்தில் ராத்திரி இரண்டு மணி முதல்
ஐஸ் உடைத்துக் கொட்டிவிட்டு
நேரே வகுப்புக்கு வருகிறவன்.
வீடு ஓர் அறை, ஆறு பேர், நடுவில் டி.வி.
“பேசறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்.
கொஞ்ச நேரம் தூங்கிக்கவா?”

மேசையில் கன்னம் பட்டதும் உறங்கிப்போனான்.
சட்டையில் சோப்பும் மீனும்
ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல்.
வெளியே துறைமுகம் வரைக்கும்
கண்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடித்தபடி நின்றன.
லொடலொடக்கும் மின்விசிறியை
ஒன்றுக்குக் குறைத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
ஆலோசனை, நாற்பது நிமிடம்.
முன்னேற்றம், உண்டு.

அவன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம்
என் முன்னால் கிடந்தது.
‘எந்நேரமும், காரணம் கூறாமல், விலகலாம்.’
என் பணி ஆணையிலும்
ஏறக்குறைய அதே வரிதான்.
‘எந்நேரமும், காரணம் கூறாமல், விலக்கலாம்.’
ஒரு ‘க்’ கூடுதல்.
பல்லிடுக்கில் மாட்டிய முள் மாதிரி
நாக்கு அதையே போய்த் தொட்டது.

விழித்தவன் காலண்டரைப் பார்த்தான்.
“முப்பத்தொண்ணை இன்னாத்துக்கு மேடம்
வட்டம் போட்டு வச்சிருக்கீங்க?”
பதினோரு மாதம் முடியுது,
அடுத்த நிதி இன்னும் வரல என்றேன்.
வருத்தப்படுவான் என்று நினைத்தேனோ என்னவோ,
டிஷ்யூ பெட்டியைக்கூட
கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்,
“அப்போ இந்த ரூம் சாவி
யார்கிட்ட இருக்கும்?”

வேதியியலில், என்றேன்.