ஜன்னல் இல்லாத அறை

தெற்குவாடியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்,
எனக்கு அந்தக் கப்பல் பிடித்திருந்தது.

கடலைப் பார்க்கக் காசு கொடுத்தா போனாய்
என்று கேட்கிறாள் ஐஸ் கம்பெனி மரிய ப்ளோரா.
நான் கடலைப் பார்க்கவே இல்லை.
மருமகன் கிளாட்வின் எடுத்துத் தந்தது
ஆகக் குறைந்த டிக்கெட்,
ஏழாம் தளத்தில் ஜன்னல் இல்லாத அறை.

மிக்கேல்தாசுக்குத்தான் எதுவும் ஒப்பவில்லை.
கடலுக்கு நடுவில் குளிக்க ஒரு தொட்டியா,
முள்ளில்லாத மீன் ஒரு மீனா,
எங்கேயும் போகாமல் சுற்றிவிட்டுத்
திரும்பி வரும் இது என்ன கப்பல்.
மேல்தளத்தில் விரலை எச்சில் பண்ணி
கச்சானா சோழகமா என்று
பார்த்துக்கொண்டே நின்றார்,
பாட்டுக்கு ஆடுகிறவர்களுக்கு நடுவே.

அதெல்லாம் சரிதான்.
மிச்சம் வைத்த சோற்றை
வாளி வாளியாகக் கொண்டுபோனார்கள்,
அதையும் பார்த்தேன்.
பார்த்துவிட்டு வெட்கமில்லாமல்
மறுபடி வரிசையில் நின்றேன்.

இருபத்தாறு வருஷம்,
திங்கள் புதன் சனி,
அவர் டோக்கன் வாங்கிப் போன இரவெல்லாம்
பாலத்தில் ரயில் போகும் சத்தத்தையும்
தகரக் கூரையில் காற்று புரளும் சத்தத்தையும்
பிரித்துப் பிரித்துக் கேட்டுப் படுத்திருந்தவள் நான்.

கப்பலில் இரண்டாம் ராத்திரி காற்று பிடித்தது.
கட்டில் ஆடியது. அலமாரிக் கதவு அடித்தது.
பக்கத்து அறையில் யாரோ வாந்தி எடுத்தார்கள்.
கை நீட்டிப் பார்த்தேன்.
குறட்டையோடு கிடந்தார்.

முங்கினால் ரெண்டு பேரும்தான்
என்று நினைத்துக்கொண்டு
புரண்டு படுத்தேன்.
காலைச் சாப்பாட்டு மணிக்குக்கூட
எழுந்திருக்கவில்லை.