ஐந்தாவது குழாய்

நான்கு சோதனைக் குழாய்.
நான்கிலும் ஒரே கஞ்சித் தண்ணீர்,
ஒரே அளவு, ஒரே சூடு.
அயோடின் விட்டதும் நான்கும்
கருநீலம்.

நொதி மட்டும் வேறு வேறு:
அரை மில்லி, ஒன்று, இரண்டு, நான்கு.
கூத்தாநல்லூர் நூருல் ஹுதா
கடிகாரம் பார்த்துச் சொல்லச் சொல்லப்
பலகையில் எழுதினேன்.
பதினாறு நிமிடம். எட்டு. நான்கு. இரண்டு.
நீலம் போய் வெறும் தண்ணீர் நிறம்.

"எட்டு விட்டா ஒண்ணு,
பதினாறு விட்டா அரை.
ஊத்திக்கிட்டே போனா
நேரமே இல்லாமப் போயிடுமா மிஸ்?"

கலக்குகிற கைக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றேன்.
அதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் கொரடாச்சேரியில் இறங்கினால்
கொள்முதல் நிலைய வாசல் தொடங்கி
மதகு வரைக்கும்
சாலையோரம் குறுவை நெல்.
தூற்றும் மிஷின் ஒன்று.
சுமைக்காரர் ஆறு பேர்,
இருவருக்குக் காய்ச்சல்.
எண்ணூறு மூட்டை ஒரு நாளைக்கு.
குவியல் பத்தானாலும் நூறானாலும்
எண்ணூறுதான்.
எனக்கு முன்னால் இருபத்தாறு பேர்.

"இன்னொரு மிஷின் கேட்டு எழுதியிருக்கு, டீச்சர்."
பக்கிரிசாமி நிமிராமல் சொன்னார்.
திங்கட்கிழமையும் இதைத்தான்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
அதுவும் கிடையாது.

ராத்திரி மழை.
தார்ப்பாய் நடுவில் குளம் கட்டி
ஓரத்தால் உள்ளே இறங்கியிருந்தது.
கையை விட்டேன்.
காய்ச்சல்காரன் வயிறு போலச் சூடு.
டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும்
வெள்ளையாய் ஒரு புள்ளி.

உமி உரித்து ஒன்றை மென்றேன்.
இனித்தது.
மாவைச் சர்க்கரை ஆக்கியது
என் எச்சிலா, அதன் முளையா,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மணிக்கு மணி
மணிக்குள்ளே நொதி கூடுகிறது.
அது யாருக்கும் எழுதிக் கேட்கவில்லை.
அதற்குப் பட்டியல் இல்லை,
ஞாயிற்றுக்கிழமை இல்லை.
இந்தப் பக்கம் ஒரே ஒரு மிஷின்,
டீசல் தீர்ந்து
நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு.

மறுநாள் கைக்குட்டையில் ஒரு பிடி
முடிந்துகொண்டு போனேன்.
கல்வத்தில் நசுக்கி, பிழிந்து,
ஐந்தாவது குழாயில் விட்டேன்.
நேற்றைய வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள் நூருல் ஹுதா,
மூலையிலிருந்து நேராக ஏறும் ஒரு கோடு,
பென்சில் முனை ஒடிந்த இடத்தில் மட்டும் தடித்து.

"மூணு நிமிஷம், மிஸ்!
இதுல எத்தனை மில்லி விட்டீங்க?
எங்கே புள்ளி வைக்க?"

அளக்கவில்லை.
பதினோரு நாள் என்று
எழுதிக்கொள், என்றேன்.