அத்தியாயம் நாற்பத்து நான்கு

அக்கரையில் ஒரு கையெழுத்துத் தவறியது என்றார்கள்.
இல்லை, இக்கரையில் வரி கூடியதுதான் முதல் என்றார்கள்.
எது முதல் எது பிறகென்று
கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையிலும் இல்லை.
நான் அறிந்தது
திருகோணமலை இறங்குதுறையில் கிடக்கும்
இருநூற்றுப் பதினேழு மரம்,
ஒவ்வொன்றின் அடிவெட்டிலும்
சிவப்பு மையில் நான் எழுதிய எண்.

தேக்கு நூற்றுத் தொண்ணூறு.
மிச்சம் இருபத்தேழும் பூவரசு,
கிண்ணியா றபியுத்தீன் வள்ளத்துக்கு வங்கு வைக்கக் கேட்டது,
வளைந்ததாய்ப் பார்த்துப் பொறுக்கச் சொன்னது.
வளைந்த மரத்தின் கன அடியில்
எந்த இரண்டு நாடும் ஒத்துப்போகாது.

எங்கள் மரக்காலைகளைக் காக்கிறோம் என்றது இக்கரை.
உங்கள் கறுவாப்பட்டையில் வண்டு என்றது அக்கரை.
உங்கள் தேக்கிலும்தான் என்றது இக்கரை.
வண்டு தன் துளைக்குள்
எந்த மொழியும் எழுதாத மாவை
அரைத்துக்கொண்டிருந்தது.

காக்கப்பட்டவர் ஒருநாள் நேரில் வந்தார்,
மரக்காலைக் கனகசூரியம்.
வாள் துருப்பிடிக்குது பிள்ளை,
என்னைக் காக்கிறதெண்டால்
மரத்தை விடச்சொல்லு.

றபியுத்தீன் செவ்வாய்தோறும் பாலம் கடந்து வந்தார்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.
ஏராவை மட்டும் மணலில் கிடத்தி
நாலு மாதமாம்.
விலா இல்லாம மீன் நீந்துமா தங்கச்சி?

கார்த்திகை மழை இறங்கியது.
ஒன்பதாம் நாள்
நூற்றுத் தொண்ணூற்று நாலாம் எண்ணில்
என் சிவப்பு மைக்குப் பக்கத்தில்
ஒரு இலை.

சுங்கத்துத் தென்னகோன் குடையோடு குந்திப் பார்த்தார்.
கட்டை என்றால் அத்தியாயம் நாற்பத்து நான்கு.
உயிருள்ள செடி என்றால் ஆறு.
தண்டனை வரி கட்டைக்குத்தான்,
செடிக்கு வேறு திணைக்களம், வேறு முத்திரை,
தடுத்துவைக்க வேறொரு ஆள்.
மிஸ், இது செத்ததா இல்லையா?

அதே கேள்வி
என் வீட்டு அலுமாரியில் பதினேழு வருடமாய்க் கிடக்கிறது.
இறந்தவர் / காணாமற்போனவர்.
ஒன்றில் மட்டும் புள்ளடி இடுக.

தெரியாது சேர் என்றேன்.

மாலைக்குள் பதினொரு மரம் துளிர்த்துவிட்டது.
கொழும்பு அக்கரையைக் கேட்டது.
அக்கரை படம் கேட்டது.
ஃபோனில் எடுத்தேன்; மழையில் எல்லாம் கலங்கல்,
பச்சை மட்டும் தெரிந்தது.
அக்கரைக்கு இக்கரை பச்சை என்று
யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

அன்றிரவு கோட்டைப் பக்கத்து மான்கள்
வழக்கம்போலத் தெருவில் இறங்கி
மூடிய கடைகளை மோந்து
காவலாளி பூட்ட மறந்த கேற்றால் நுழைந்து
பதினொன்றையும் மொட்டையடித்துவிட்டுப் போயின.
வரி கட்டவில்லை.

காலையில் தென்னகோன் நாற்பத்து நான்கு என்று எழுதினார்.
எழுதிய பிறகும் பேனையை மூடாமல்
கொஞ்ச நேரம் இருந்தார்.

செவ்வாய். றபியுத்தீன் குனிந்து
மரத்தில் உள்ளங்கையை வைத்தார்.
ஈரம் போகல்ல. இப்ப அறுத்தா வெடிக்கும்.
கிடக்கட்டும், என்றார்,
கோபமா என்று தெரியாத குரலில்.

அவர் போனதும்
அழிந்திருந்த எண்ணைத் திரும்ப எழுதப்போனேன்.
மை பிடிக்கவில்லை.
துடைத்துவிட்டு எழுதினேன்.
பிடிக்கவில்லை.